ஹிப் ஹாப்: இது பாட்டா, வம்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹிப் ஹாப் கேட்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கேள்விகள் வரிசை கட்டி வரும். கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறுவதில்லை. இத்தனை வருடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் தொனியிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்கவில்லை.

ராப், ஹிப் ஹாப் இரண்டும் ஒன்றுதானே? எதுக்கு இரண்டு பெயர்?

தாளத்தின் மேல் எதுகையோடு சொற்களை அடுக்கிச் சொல்வது ராப். ஹிப் ஹாப் அதைவிடப் பெரிய குடும்பம். இசைத்தட்டை இயக்கும் டிஜே, மைக் பிடிக்கும் எம்சி, தரையில் சுழன்று ஆடும் பிரேக்கிங், சுவரில் வரையும் கிராஃபிட்டி ஆகிய நான்கும் அதில் அடக்கம். ஆரம்பத்தில் டிஜேதான் நாயகன். எம்சியின் வேலை கூட்டத்தை உசுப்பிவிடுவது. இசைத்தட்டில் பதித்து விற்க வசதியாக இருந்தது குரல் என்பதால் ராப் முன்னால் வந்துவிட்டது. சண்டைகளும் அதைச் சுற்றித்தான். பிரேக்கிங்கால் சமூகம் கெட்டது என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இது எங்கே ஆரம்பித்தது? யார் கண்டுபிடித்தது?

நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும், அதுதான் நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், டிஜே கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவர். ஜமைக்காவிலிருந்து சிறுவனாக வந்தவர். ஒரு பாட்டில் குரல் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, அந்த இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். மற்றதெல்லாம் அதிலிருந்து வளர்ந்தது.

அந்த விருந்துக்கு வெளியே இருந்த பிராங்க்ஸையும் சொல்ல வேண்டும். குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு ஒரு விரைவுச் சாலை போடப்பட்டிருந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்தியவை உட்பட, கட்டடங்கள் வரிசையாக எரிந்தன. நகர நிர்வாகம் திவாலாகும் நிலையில் தீயணைப்பு நிலையங்களை மூடியது. கும்பல் மோதல்கள் வேறு. 1971 டிசம்பரில், சமாதானம் பேசப் போன ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். அவருடைய கும்பலான கெட்டோ பிரதர்ஸ் பழிவாங்க மறுத்து, எல்லாக் கும்பல்களையும் கூட்டி உடன்படிக்கை பேசியது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளால் ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு ஓரளவாவது பயமில்லாமல் விருந்துக்குப் போக முடிந்தது. ஹிப் ஹாப்பை வன்முறையின் பிள்ளை என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பேசுவதைப் போய் எப்படிங்க பாட்டு என்பது?

ராகம் இல்லையே என்பதுதான் குறை என்றால், சரி, ராகம் குறைவுதான். ஆனால் நம் மரபில் கவிதைக்கு அளவுகோலாக எதுகை, மோனை, இயைபு, சந்தம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒரு நல்ல ராப்பரைக் கேட்டுப் பாருங்கள். வரியின் கடைசியில் மட்டுமல்லாமல் நடுவிலும் எதுகை வைப்பது, தாளம் விழும் இடத்துக்கு அரை மாத்திரை முன்னாலோ பின்னாலோ சொல்லை வைப்பது, எங்கே மூச்சு எடுப்பது என்று எல்லாமே கணக்கு.

காளமேகத்தை ரசிப்பவருக்கு ராப் அந்நியமாக இருக்கக் காரணமே இல்லை. நின்ற இடத்தில் பாடும் ஆசுகவி, இரட்டை அர்த்தம் வைக்கும் சிலேடை, எதிராளியை நாறடிக்கும் வசை மூன்றும் அங்கேயும் உண்டு. கறுப்பினத்தவரிடையே ஒருவர் தாயை ஒருவர் கிண்டல் செய்து, யார் முதலில் கோபப்படுகிறாரோ அவர் தோற்றார் என்று ஆடும் பழைய சொல் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ராப் போட்டிகளின் வேர் அங்கே. எசப்பாட்டு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆரம்பத்திலிருந்தே இவ்வளவு கோபமா? யார் மேல் கோபம்?

இல்லை. 1979இல் ராப்பை முதன்முதலில் பெரிய அளவில் வானொலிக்குக் கொண்டுபோன ஷுகர்ஹில் கேங் குழுவின் பாட்டு, முழுக்க முழுக்கக் கொண்டாட்டமும் தற்பெருமையும். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வந்த 'தி மெசேஜ்' தான் உடைந்த கண்ணாடி, எலி, கடன், சிறை என்று தெருவின் நிலையைச் சொல்லிப் பெரிய வெற்றி பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவுக்கே அதைப் பதிவு செய்ய விருப்பமில்லை. ஆட வந்தவர்களிடம் போய் யாராவது கஷ்டத்தைச் சொல்வார்களா என்ற தயக்கம். குழுவிலிருந்து மெலி மெல் ஒருவர் மட்டும் அதில் முழுமையாக இறங்கினார்.

1980களின் நடுவில் கிராக் போதைப்பொருள் பரவியது. அதை ஒடுக்குகிறோம் என்று காவல்துறை இறங்கியது, சிறைகள் நிரம்பின. பப்ளிக் எனிமி, என்.டபிள்யூ.ஏ. போன்ற ராப் குழுக்களின் கோபம் அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

ராப் கேட்டால் பையன் கெட்டுப்போவானா? வன்முறையைத் தூண்டும் என்கிறார்களே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 9.8 கொலைகள் நடந்தன. 2000இல் அது 5.5 ஆகக் குறைந்தது. வன்முறையைப் பேசும் கேங்ஸ்டா ராப் கொடிகட்டிப் பறந்ததும், நகரத்து எல்லையைத் தாண்டி நாடு முழுக்க விற்றதும் இதே பத்து வருடங்களில்தான். ராப் கொலைகளைக் குறைத்தது என்று நான் சொல்ல வரவில்லை, அது அசட்டு வாதம். ஆனால் பாட்டு கேட்டால் சுடுவார்கள் என்பது உண்மையானால், எண்ணிக்கை இந்தத் திசையில் போயிருக்காது.

இன்னொன்று, நம் காதைப் பற்றியது. 1990களில் கேரி ஃப்ரைட் என்ற உளவியலாளர் ஒரு பழைய நாட்டுப்பாடலின் வரிகளை எடுத்துக்கொண்டார். காவலரை ஒருவன் சுட்டுவிடும் கதை அது. சிலரிடம் இது ராப் வரி என்றும், வேறு சிலரிடம் இது கன்ட்ரி பாட்டின் (வெள்ளையரின் கிராமிய இசை) வரி என்றும் சொல்லிப் படிக்கக் கொடுத்தார். ராப் என்று நினைத்துப் படித்தவர்களுக்கு அதே வரிகள் அதிக ஆபத்தானவையாகத் தெரிந்தன. 2016இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோதும் அப்படியே வந்தது. ஒருவன் சாவதைப் பார்ப்பதற்காகவே அவனைச் சுட்டேன் என்று கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1950களிலேயே பாடியிருக்கிறார். அவரை யாரும் கொலைகாரன் என்று நினைக்கவில்லை.

அதற்காகப் பாட்டுக்கு எந்தப் பாதிப்பும் கிடையாது என்று சொல்ல மாட்டேன். எது கெத்து, எது கோழைத்தனம், பணம் எதற்கு என்பதையெல்லாம் பிள்ளைகள் பாட்டிலிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள். பத்து வயதுப் பையன் என்ன கேட்கிறான் என்று பெற்றோர் கவனிப்பதில் தப்பே இல்லை. கூடவே உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, 'இவன் என்னடா சொல்றான்?' என்று கேட்டுப் பாருங்கள். போனைப் பிடுங்குவதைவிட அதில் அதிகம் தெரியவரும்.

அப்போ டூபாக்கும் பிகியும் சுடப்பட்டுச் செத்தது?

ராப்பர் டூபாக் ஷகூர் 1996 செப்டம்பரில் லாஸ் வேகஸில் சுடப்பட்டு இறந்தார், வயது 25. பிகி எனப்பட்ட ராப்பர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில், வயது 24. முன்பு நண்பர்களாக இருந்தவர்கள். இரண்டு பாடகர்களின் மனத்தாங்கலைக் 'கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் போர்' என்று பத்திரிகைகள் அட்டைப்படம் போட்டு விற்றன, நிறுவனங்களும் அதில் காசு பார்த்தன. அதோடு நிஜமான தெருக் கும்பல்களின் தொடர்பும் சேர்ந்துகொண்டது. இங்கே ஹிப் ஹாப் உலகம் கை கழுவ முடியாது. எசப்பாட்டில் ஜெயிப்பவன் கைதட்டு வாங்குவான் என்ற பழைய விதியை, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சூழ நின்ற பிறகும் அப்படியே நம்பினார்கள்.

அமெரிக்க அரசாங்கமே ராப்பைத் தடை செய்ததாமே?

தடை இல்லை, மிரட்டல் என்று சொல்லலாம். காவல்துறையைத் திட்டும் என்.டபிள்யூ.ஏ. பாட்டைக் குறித்து 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் அவர்களின் இசை நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். சட்டப்படி அந்தக் கடிதத்துக்கு எந்த வலுவும் இல்லை. குழுவுக்கு இலவச விளம்பரம் கிடைத்தது.

உண்மையிலேயே நீதிமன்றத்துக்குப் போனது ஃபுளோரிடாவின் 2 லைவ் குரூ. 1990 ஜூனில் ஒரு ஃபெடரல் நீதிபதி அவர்களின் ஆல்பத்தை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரர் கைதானார். மேடையில் பாடியதற்காகக் குழுவினரும் கைதானார்கள். அந்த வழக்கில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் என்ற இலக்கியப் பேராசிரியர் சாட்சி சொல்ல வந்து, இது கறுப்பினத்தவரின் மிகைக் கிண்டல் மரபு என்று விளக்கினார். மேலே சொன்ன தாய்க் கிண்டல் விளையாட்டின் உறவுதான். ஜூரி அவர்களை விடுவித்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபாசத் தீர்ப்பையும் ரத்து செய்தது. என் கருத்தைக் கேட்டால், அந்த ஆல்பம் மட்டமானது. மட்டமாக இருப்பது குற்றமில்லை என்பதற்கு அது ஒரு நல்ல வழக்கு.

ஆல்பம் அட்டையில் கறுப்பு வெள்ளையில் எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்குமே, அது ராப்புக்காக வந்ததுதானே?

இல்லை. 1985இல் டிப்பர் கோர் உள்ளிட்ட வாஷிங்டன் பிரமுகர்களின் மனைவிமார் சேர்ந்து, ஆல்பங்களில் எச்சரிக்கை வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, மோசமான 15 பாட்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் பிரின்ஸ், மடோனா, ஹெவி மெட்டல் குழுக்கள் எல்லாம் இருந்தார்கள். ஒரு ராப் பாட்டுகூட இல்லை. பிற்பாடுதான் ஸ்டிக்கர் ராப்பின் நெற்றிப் பொட்டாக மாறியது.

பெண்களை இவ்வளவு கேவலமாகப் பேசுகிறார்கள். அதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

நியாயப்படுத்த மாட்டேன். 'தெருவில் நடப்பதைத்தான் சொல்கிறோம்' என்ற பதில் காவல்துறையைப் பற்றிய பாட்டுக்குப் பொருந்தும். பெண்ணைப் பண்டமாகக் காட்டும் வீடியோவுக்கு அது சாக்கு. எல்லா இசையிலும் இருப்பதுதானே என்பதும் பாதி உண்மைதான். ராப்பில் சொற்கள் அதிகம், அதனால் இழிவும் அதிகமாகக் கேட்கிறது.

இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் வெளியாட்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெண் ராப்பர் குவீன் லத்தீஃபா 1993இலேயே, பெண்ணை இழிவுபடுத்தும் வார்த்தையால் என்னைக் கூப்பிட நீ யார் என்று ராப்பிலேயே கேட்டார், அதற்கு கிராமி விருதும் வாங்கினார். டிரிஷா ரோஸ், ஜோன் மோர்கன் போன்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் இந்த இசையை நேசித்துக்கொண்டே அதோடு சண்டை போட்டார்கள். 2004இல் அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரியில் ராப்பர் நெல்லியின் தொண்டு நிறுவனம் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைச் சேர்க்கும் முகாம் நடத்த இருந்தது. முகாம் நடக்கட்டும், ஆனால் உங்கள் வீடியோவில் பெண்களைக் காட்டியிருக்கும் விதத்தைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார்கள் மாணவிகள். முகாம் ரத்தானது. நெல்லியின் அக்காவுக்கே ரத்தப் புற்றுநோய் இருந்த நேரம் அது. இரண்டு பக்கமும் வலி இருந்த அந்தச் சம்பவத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், டெலோரஸ் டக்கர். சிவில் உரிமைப் போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தவர். 1990களில் ராப் வரிகளை எதிர்த்து, குடியரசுக் கட்சிக்காரரான வில்லியம் பென்னட்டோடு கூட்டுச் சேர்ந்து டைம் வார்னர் நிறுவனத்துக்கு நெருக்கடி கொடுத்தார். 1995இல் டைம் வார்னர், ராப் ஆல்பங்களை வெளியிட்ட இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை விற்றது. வெற்றி என்றார்கள். மறுவருடமே இன்டர்ஸ்கோப் வேறொரு பெரிய குழுமத்தோடு சேர்ந்துகொண்டது, அதே பாட்டுகள் அதே கடைகளில் விற்றன. வரிகளைப் பற்றிக் கத்துவது சுலபம், விற்பவரைத் தொடுவது கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது இந்தக் கதையிலிருந்துதான்.

கறுப்பின ராப்பர்கள் ஆயிரம் தடவை சொல்லும், ஆங்கிலத்தில் 'என்' எழுத்தில் தொடங்கும் அந்த ஒரு வார்த்தையை மற்றவர்கள் சொன்னால் மட்டும் ஏன் தப்பு?

அடிமைகளை அழைத்த சொல்லை, அதனால் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் உறவுச் சொல்லாக மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் சொல்லிக்கொள்வதை வாசலில் நிற்பவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 2018இல் ராப்பர் கென்ட்ரிக் லாமர் தன் மேடைக்கு அழைத்த ஒரு வெள்ளை ரசிகை, பாட்டின் வரியில் இருந்தபடியே அந்தச் சொல்லைப் பாடினார். கென்ட்ரிக் பாட்டை நிறுத்திவிட்டார்.

கறுப்பினத்தவர் எல்லோரும் இதில் ஒரே கட்சி என்று நினைக்காதீர்கள். 2007இல் டெட்ராய்ட்டில், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு அந்தச் சொல்லைச் சவப்பெட்டியில் வைத்து இறுதி ஊர்வலமே நடத்தியது. சொல் எழுந்து வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

பழைய பாட்டை வெட்டி ஒட்டுவது திருட்டுதானே?

1991இல் ராப்பர் பிஸ் மார்க்கியின் வழக்கில் நீதிபதி 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடுதான் தீர்ப்பையே தொடங்கினார். அதன்பிறகு ஒவ்வொரு சாம்பிளுக்கும் (பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டு) அனுமதியும் பணமும் கேட்டாக வேண்டிய நிலை வந்தது. பத்து இருபது துண்டுகளை அடுக்கி ஒரு பாட்டுக் கட்டும் முறை அதோடு ஏறக்குறைய முடிந்தது. பணக்காரர்களால் மட்டுமே சாம்பிள் எடுக்க முடிந்தது. மறுபக்கம், நாம் முன்பு பார்த்த அதே 2 லைவ் குரூ 1994இல் உச்ச நீதிமன்றம் வரை போய், கேலிக்காகப் பழைய பாட்டைப் பயன்படுத்துவது நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்று தீர்ப்பு வாங்கியது.

ஆனால் கலைஞர்கள் ஏமாந்த கதையும் உண்டு. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் பாட்டொன்றில் கிரெகரி கோல்மன் வாசித்த டிரம்ஸ் ஆறு ஏழு நொடிதான். உலகத்திலேயே மிக அதிகமாகச் சாம்பிள் எடுக்கப்பட்ட துண்டுகளில் அது ஒன்று. அவருக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006இல் ஏழ்மையில் இறந்தார். வெட்டி ஒட்டுவது கலைதான் என்று வாதாடும் நான், இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வேன்.

பாட்டு வரியை வைத்து ஒருவரை ஜெயிலில் போட முடியுமா?

அமெரிக்காவில் முயன்றிருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் ஒரு கொலை முயற்சி வழக்கில், சம்பவத்துக்கும் வரிகளுக்கும் தொடர்பே காட்டாமல் குற்றம் சாட்டப்பட்டவரின் ராப் வரிகளைப் பக்கம் பக்கமாக ஜூரிக்கு வாசித்துக் காட்டினார்கள். 2014இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. கலிஃபோர்னியா 2022இல், கலைப் படைப்பைச் சாட்சியமாக ஏற்பதற்கு முன் ஜூரி இல்லாமல் நீதிபதி அதை எடைபோட வேண்டும் என்று சட்டமே போட்டது. நாட்டுப்பாடல் வரிகளை வைத்து நடத்திய அந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூரியின் காதும் அதே காதுதான்.

வெள்ளைக்காரரும் மற்ற நாட்டவரும் ராப் பாடுவது அடுத்தவர் சொத்தை எடுப்பது ஆகாதா?

எடுத்ததைச் சொல்லிவிட்டு எடுத்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. வெள்ளை ராப்பரான எமினெம், தான் யாரிடம் கற்றேன், தன் நிறத்தால் எவ்வளவு கூடுதலாக விற்றது என்று பாட்டிலேயே ஒப்புக்கொண்டவர்.

மற்ற நாடுகளில் கதை வேறு. ஃபிரான்ஸில் வானொலிகள் 40 சதவீதம் ஃபிரெஞ்சுப் பாட்டு போட வேண்டும் என்ற விதி 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஃபிரெஞ்சு மொழியைக் காக்கப் போட்ட விதி, புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பாடிய ராப்பைத் தூக்கிவிட்டது. 2005 கலவரத்துக்குப் பின், ராப் குழுக்கள் மேல் நடவடிக்கை வேண்டும் என்று சுமார் 200 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டார்கள். துனீசியாவில் 2011 ஜனவரியில் எல் ஜெனரல் என்ற ராப்பர், அதிபரை நேரடியாகக் கேள்வி கேட்டுப் பாடியதற்காகக் கைதானார். அடுத்த சில நாள்களில் அதிபர் நாட்டை விட்டே ஓடினார். ஈரானில் ராப்பர் தூமாஜ் சாலேஹிக்கு 2024இல் மரண தண்டனையே விதித்தார்கள். அது ரத்தாகி, அதே வருடம் டிசம்பரில் வெளியே வந்தார். மலேசியாவில் யோகி பி குழுவின் 2006 ஆல்பத்துக்குப் பிறகு தமிழிலும் ராப் ஒரு தனி வீடு கட்டிக்கொண்டது. இதையெல்லாம் திருட்டு என்பது கஷ்டம்.

புலிட்சர், ஒலிம்பிக்ஸ் எல்லாம் வந்தாச்சு. இன்னும் இது ஏழைகளின் குரல் என்பது நடிப்பில்லையா?

பல இடங்களில் நடிப்புதான். 2017இல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்பட்ட இசை வகை என்ற இடத்தை ஆர் அண்ட் பியும் (ரிதம் அண்ட் புளூஸ்) ஹிப் ஹாப்பும் சேர்ந்து பிடித்தன. மறுவருடம் கென்ட்ரிக் லாமருக்குப் புலிட்சர். கிளாசிக்கலுக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப் பரிசு போனது அதுவே முதல் முறை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பிரேக்கிங்குக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். கோடீஸ்வர ராப்பர் தன் மாளிகையிலிருந்து தெருவைப் பற்றிப் பாடும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் செட்ஜ்விக் அவென்யூ 1520ஐ மறந்துவிட வேண்டாம். 2007இல் நியூயார்க் மாநிலம் அதை ஹிப் ஹாப் பிறந்த இடம் என்று அங்கீகரித்தது. அதே சமயம் கட்டடத்தின் உரிமையாளர், குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து வெளியேறி அதை விற்கப் பார்த்தார். குடியிருந்தவர்கள் அந்த அங்கீகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போராடினார்கள். கூல் ஹெர்க்கும் அவர்களோடு வந்து நின்றார். கட்டடம் கைமாறத்தான் செய்தது. சில வருட இழுபறிக்குப் பிறகு, நகர நிர்வாகத்தின் உதவியோடு, குறைந்த வாடகையைத் தொடர்வதாக ஒப்புக்கொண்ட புதிய உரிமையாளரிடம் அது வந்து சேர்ந்தது.